பன்னிரண்டு மணிக்கு ஒன்பது மரணம்

வெள்ளிக்கிழமை காலை பத்து ஐம்பது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லிப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் மூன்று மாடி ஏறச் சொன்னால் மனுஷனுக்கு யார் மேல் கோபம் வரும்? எனக்கு யுவராணி மேடம் மேல் வந்தது. முப்பத்தெட்டு வயசு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுகிறார். பின்னால் ஒருத்தன் நாக்கு தள்ளி வருகிறானே என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் வேம்புலி, கோவில்பதாகைக்காரன். பதினெட்டு வருஷம் கேபிள் டி.வி.க்காகக் கம்பம் ஏறினேன். இப்போது வானகரத்தில் டயர் கடைக்கு மேலே இருக்கும் மேடத்தின் ஆபீஸில் உதவியாளன். செத்துப்போன கம்ப்யூட்டர் எப்படிச் செத்தது, யார் சாகடித்தது என்று கண்டுபிடிப்பது அவருடைய தொழில். பையைத் தூக்குவதும், வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதும் என்னுடைய தொழில்.

மூன்றாம் மாடியில் 'பந்தக்கால்' திருமணத் தகவல் மையம். முதலாளி பச்சையப்பன் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். வாங்க என்றுகூடச் சொல்லாமல் மேஜையில் கிடந்த ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பினார். போலீஸ் புகார். கிஷோர் என்கிற இருபத்தாறு வயது ஊழியர் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை வேண்டுமென்றே முடக்கி வருகிறார் என்று டைப் அடித்திருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

டைப் அடித்து முடிப்பதற்குள் பத்தரை தாண்டிவிட்டது என்று அவர் அலுத்துக்கொண்டார். பிறகு கறாராகச் சொன்னார்.

"பன்னண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன்மா. அதுக்குள்ள வேற ஆளைக் காட்ட முடிஞ்சா காட்டுங்க. இல்லன்னா அவன் ஸ்டேஷனுக்குத்தான் போவணும்."

எங்களை இழுத்து வந்தது கிஷோரின் அம்மா கெங்கம்மாள். எங்கள் தெருதான். இதே எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அவளுடைய அப்பனும் பாட்டனும் கழனியில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் கிஷோர். கம்ப்யூட்டரில் விஷமம் செய்தான் என்று ஒரு கேஸ் விழுந்தால் இந்த ஊரில் எந்தக் கம்பெனி வாசலிலும் அவனை ஏற்றமாட்டார்கள். நேற்று என் வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகைகூட வரவில்லை, உதடுதான் நடுங்கியது. 

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். பச்சையப்பன் கொட்டித் தீர்த்தார். பந்தக்காலில் முப்பத்திரண்டு லட்சம் ஜாதகம் இருக்கிறது. இதே எஸ்டேட்டில் வாடகைக்கு எடுத்த ஒன்பது மெஷின்கள் அதைப் பங்கு போட்டு வைத்துக்கொண்டு கூட்டாகத் தேடித் தருகின்றன. மூன்று வாரமாக, தினம் ஒரு தடவை, ஒன்பதும் வரிசையாக விழுகின்றன. மெமரி தீர்ந்துவிட்டது என்று ஒரே ஒரு வரி எழுதிவைத்துவிட்டுச் செத்துவிடுகின்றன. போன வாரம் மெமரியை இரண்டு மடங்காக்கிப் பார்த்தாராம். விழுவதற்குப் பதினைந்து நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான் லாபம்.

கிஷோர்தான் என்பதற்கு அவர் மூன்று காரணம் வைத்திருந்தார். மெஷினைக் கொல்லும் தேடல் கேள்விகள் எல்லாமே கிஷோரின் ரகசியச் சாவி, அதாவது பாஸ்வேர்ட் மாதிரி ஒன்று, அது வழியாகத்தான் உள்ளே போயிருக்கின்றன. விழுகிற நேரம் தினம் மாறுகிறது. செவ்வாய் என்றால் சாயங்காலம், புதன் என்றால் மதியம், சனி என்றால் காலை. மெஷினாக விழுந்தால் ஒரே நேரத்தில் விழாதா, இது ஆள் வேலை இல்லாமல் வேறென்ன என்றார். மூன்றாவதுதான் ஆணி அடித்த மாதிரி. திங்கட்கிழமை மட்டும் விழுந்ததே இல்லை. திங்கட்கிழமை கிஷோருக்கு வார விடுமுறை.

தெருக்காரப் பையன் என்பதை ஒரு நிமிஷம் மறந்துவிட்டேன். எனக்கே அவன் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில் கிஷோர் உட்கார்ந்திருந்தான். ராத்திரி தூங்காத முகம். மேடம் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னான். ஒரே ஒரு கேள்வியில் மாட்டினான்.

"உன் சாவியை வேற எங்கயாவது குடுத்திருக்கியா?"

"இல்ல மேடம்."

சொல்லும்போது அவன் கண் எதிரே இருந்த போன் ரூம் கதவுக்குப் போய்விட்டுத் திரும்பியது. காது சிவந்துபோயிற்று. பொய் சொல்லத் தெரியாத பையன் பொய் சொன்னால் பார்க்கவே பாவமாக இருக்கும். நான் கொஞ்சம் மிரட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். உங்கம்மா கேட்டில் வந்து நிற்கப்போகிறாள் என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். 

"சாவிய வாங்கினவனைக் காப்பாத்துறான் மேடம். இல்லன்னா காதலிய," என்றேன்.

"கதை அப்புறம். சார்ட்டைப் போடுங்க," என்றார்.

திரையில் மூன்று வாரத்து ஆபீஸ் நேர மெமரிக் கோடுகள் வந்தன. மேடம் முதலில் ஒரு விஷயத்தைத் தள்ளுபடி செய்தார். மெமரி எங்காவது ஒழுகினால் கோடு காலையிலிருந்து மெல்ல மெல்ல ஏறும். இங்கே அப்படி இல்லை. நாற்பது நொடியில் அடியிலிருந்து உச்சிக்குப் போய்விடுகிறது. சொட்டுச் சொட்டாக நிரம்பிய வாளி இல்லை, யாரோ குடத்தோடு கவிழ்த்திருக்கிறார்கள்.

"விழுந்த நேரத்த எல்லாரும் பாத்தாச்சு. விழறதுக்கு முன்னாடி இது என்ன செஞ்சுகிட்டு இருந்துச்சு?"

கோட்டைப் பின்னால் நகர்த்தினார். செவ்வாய், புதன், வியாழன். ஒவ்வொரு சாவுக்கும் முன்னால் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. கேள்வியே வராத அமைதி. எத்தனை நேரம் என்று எண்ணச் சொன்னார். ஒன்றரை மணி நேரம். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, எல்லா நாளும் ஒன்றரை மணி. சனிக்கிழமை மட்டும் ஒரு மணி.

மேடம் புருவத்தைச் சுருக்கினார். இன்றைய கோட்டைப் பார்த்தார். பத்தரை மணியிலிருந்து அது படுத்துத்தான் கிடந்தது. கடிகாரம் பதினொன்று இருபது காட்டியது. போன் ரூமில் என்ன நடக்கிறது என்று பார்த்து வரச் சொல்லி என்னைத் தள்ளினார்.

போன் ரூமில் பதினாலு பெண்கள். காதில் ஹெட்போன், எதிரே திரை, மடியில் நோட்டு. போன் வந்துகொண்டுதான் இருந்தது. எடுத்தார்கள், நட்சத்திரமும் ராசியும் கேட்டு நோட்டில் குறித்தார்கள், அப்புறம் கூப்பிடுகிறோம் என்று வைத்தார்கள். ஒருத்தி விரல்கூடத் திரையைத் தொடவில்லை. கடைசி மேஜையில் இருந்தவள் கோமளா, அவர்களுக்குத் தலைவி, நாற்பது வயசு இருக்கும்.

"இன்னாக்கா, அல்லாரும் நோட்டுல எய்திகினு கீறீங்க. கம்ப்யூட்டர் மேல கோவமா?"

"தேடுறதெல்லாம் பன்னண்டுக்கு மேலதான். இந்த நேரத்துல எவளாவது வரன் பார்ப்பாளா?" என்று அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அவள் திரையின் மூலையில் 'மொத்தமா' என்று எழுதிய சிவப்புப் பட்டன் ஒன்று இருந்தது. இது எப்போது வந்தது, யார் போட்டது என்று கேட்டேன். கோமளா சட்டென்று உள்ளங்கையால் திரையை மறைத்தாள். மூன்று வாரமாக இருக்கிறது என்றவள், யார் என்பதை விழுங்கிவிட்டாள். நான் திரும்பி வந்து இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன்.

மேடம் எழுந்து நின்றுவிட்டார். "வேம்புலி, இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"பச்சையப்பன் ஏன் பன்னண்டு மணிக்குத்தான் கையெழுத்துன்னாரு? பேனா இருக்கு, தாள் இருக்கு. ஒன்றரை மணி நேரம் எதுக்குச் சும்மா வெச்சிருக்காரு?"

வக்கீல் வரவேண்டியிருக்கும் என்றேன். மேடம் சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. விஷயத்தைச் சொல்லமாட்டார், அது அவருடைய கெட்ட பழக்கம். என்னிடம் மூன்று வேலை கொடுத்தார். கிஷோரின் போனையும் லேப்டாப்பையும் என் பைக்குள் வாங்கிப் போட வேண்டும். கெங்கம்மாளை மேலே அழைத்துவர வேண்டும். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் பச்சையப்பன், புகார்த் தாள், பேனா மூன்றும் போன் ரூமில் இருக்க வேண்டும்.

கெங்கம்மாள் கம்பெனியின் நீல யூனிஃபார்ம் கோட்டு மாட்டிக்கொண்டு கேட்டருகில் நின்றாள். ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தாள். படியேறும்போது நடுவில் நின்று என் கையைப் பிடித்தாள்.

"தப்பு பண்ணிருந்தா நானே இட்டுகினு போயி ஸ்டேஷன்ல உட்டுடுவேன், அண்ணாத்தே. பண்ணலன்னா எம்புள்ள மேல யாரும் கை வெக்கக் கூடாது."

 மேடம் சொல்லாமல் பூட்டி வைத்திருக்கும்போது நான் எதை வைத்து அவளுக்கு வாக்குக் கொடுப்பது?

பதினொன்று ஐம்பத்தெட்டு. போன் ரூமில் மேடம் தன் லேப்டாப்பைக் கோமளாவின் மேஜையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். திரையில் ஒன்பது பச்சைக் கட்டம், ஒவ்வொன்றும் ஒரு மெஷின். கிஷோரைச் சுவரோரம் நிறுத்தி, இரண்டு கையிலும் டீ டிரேயைக் கொடுத்தார். டிரேயில் எட்டு கிளாஸ் தளும்பத் தளும்ப இருந்தது. விரலை அசைத்தால் டீ கொட்டும். பச்சையப்பன் சட்டைப் பையில் பேனாவோடு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கெங்கம்மாள் கதவோரம் நின்றாள். பதினாலு பெண்களும் நோட்டை மடியில் விரித்துவைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பன்னிரண்டு அடித்தது. பச்சையப்பன் நேராகப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் போனார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாடத்தில் இருந்த பித்தளை மணியை எடுத்து மூன்று தடவை அடித்தார்.

பதினாலு விரல்கள் ஒன்றாகச் சிவப்புப் பட்டனை அமுக்கின.

நான் லேப்டாப்பைப் பார்த்தேன். கோடு படுக்கையிலிருந்து எழுந்து செங்குத்தாக ஏறியது. முதல் கட்டம் சிவந்தது. அடுத்தது மூன்றாவது, அடுத்தது ஏழாவது.  ஒரு நிமிஷத்துக்குள் ஒன்பதும் சிவப்பு. பதினாலு திரையும் வெள்ளையாக நின்றன.

"பாத்தீங்களா, மறுபடியும் பண்ணிட்டான்," என்று பச்சையப்பன் சுவர்ப் பக்கம் திரும்பினார். கிஷோர் டிரேயைப் பிடித்தபடி நின்றான். ஒரு சொட்டு டீ சிந்தவில்லை.

"கால்ல அமுக்கினானான்னு பாக்கணும்னா ஷூவ கயட்டச் சொல்றேன் நைனா," என்றேன். அவர் என்னை முறைத்தார்.

மேடம் குரலை உயர்த்தாமல் பேசினார். செவ்வாய் நாலரை, புதன் ஒன்றரை, வியாழன் மூன்று, வெள்ளி பன்னிரண்டு, சனி பத்தரை, ஞாயிறு ஆறு. சுவரில் தொங்கிய காலண்டர் தாளை விரலால் தட்டினார். அத்தனையும் ராகு காலம் முடிகிற நேரம். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதுக்கே ஆரம்பித்துவிடுகிறது, ஆபீஸ் திறப்பது ஒன்பதரைக்கு, அதனால்தான் அன்றைக்கு அமைதி ஒரு மணி நேரம். திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கும் முன்பே ராகு காலம் முடிந்துபோகிறது. அன்றைக்கு யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, மெஷின் விழுவதும் இல்லை. கிஷோர் லீவு போட்டதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். இதே காலண்டர் என் வீட்டு அடுப்படியிலும் தொங்குகிறது. தினம் தாள் கிழிப்பவனே நான்தான்.

ராகு காலத்தில் வரன் பார்க்கக் கூடாது, முடிந்ததும் மணியடித்து ஆரம்பிக்க வேண்டும் என்பது பச்சையப்பன் பத்து வருஷமாகப் போட்டிருக்கும் சட்டம். அதுவரை அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை, ஏனென்றால் மெஷினிடம் பத்துப் பத்து ஜாதகமாகத்தான் கேட்டார்கள். 'மொத்தமா' பட்டன் வந்த பிறகு கதை மாறிவிட்டது. அதை அமுக்கினால் ஒன்பது மெஷினும் தங்கள் பங்கு முழுவதையும் தேடி, ஒரு மெஷினிடம் கொண்டுவந்து கொட்டும். அது அத்தனையையும் மெமரியில் தாங்கிக்கொண்டு பொருத்த வரிசையில் அடுக்க வேண்டும். ஒருத்தி கேட்டால் தாங்கும். பதினாலு பேர் ஒரே நொடியில் கேட்டால் மூச்சு முட்டிச் சாகும். செத்ததன் வேலை அடுத்ததன் தலையில் விழும், அதுவும் சாகும்.

"ராகு காலத்தைக் குத்தம் சொல்றியாம்மா?" என்றார் பச்சையப்பன். குரலில் சுதி இறங்கியிருந்தது.

"இல்ல சார். ராகு காலத்துல உங்க மெஷின் ஒரு தடவைகூட விழுந்ததில்ல. நல்ல நேரத்துலதான் விழுது."

ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் கிஷோரின் டிரேயை வாங்கி வைத்துவிட்டு மெஷின்களை எழுப்பச் சொன்னார். பத்து நிமிஷத்தில் ஒன்பதும் பச்சையாயின. இந்தத் தடவை மணி இல்லை. மேடம் கை காட்டக் காட்ட ஒவ்வொருத்தியாக அதே பட்டனை அமுக்கினார்கள். கோடு ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது. பதினாலாவது பெண்ணும் அமுக்கி முடித்தாள். ஒரு கட்டம்கூடச் சிவக்கவில்லை.

கேஸ் முடிந்தது என்று நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். பத்து வருஷமாகக் கும்பிட்டு அடித்த மணியைப் பதினாலு பேர் முன்னால் குற்றவாளியாக்கிவிட்டார்கள். அந்த மனுஷனுக்கு முகம் கறுத்துவிட்டது. என்னைக் கேட்காமல் இந்தப் பட்டனைப் போடச் சொன்னது யார் என்று பெண்கள் பக்கம் திரும்பினார். ஒருத்தி முகமும் நிமிரவில்லை.

"யாரும் கேக்கல சார். நானாத்தான் போட்டேன். எஞ்சாவியிலதான் போட்டேன்," என்றான் கிஷோர்.

"அப்ப உன் பேரே இருக்கட்டும்," என்று பச்சையப்பன் பேனா மூடியைக் கழற்றினார்.

தாளை மேஜையில் வைத்துக் குனிந்துவிட்டார். மேடத்தின் முகம் வெளுத்துப்போனதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். கண்டுபிடித்து, நிரூபித்து, எல்லாம் செய்தும் பையன் கைவிட்டுப் போகப்போகிறான். அப்போது நாற்காலி ஒன்று பின்னால் நகரும் சத்தம் கேட்டது. கோமளா எழுந்து நின்றாள்.

"நான்தான் சார் கேட்டேன். ஒரு நாளைக்கு நாப்பது குடும்பத்துக்கு வரன் அனுப்பணும்னு இலக்கு வெச்சீங்க. பத்துப் பத்தாப் புரட்டினா முப்பதைத் தாண்ட முடியல. முடியாதவங்க ரெண்டு பேரைப் போன மாசம் வீட்டுக்கு அனுப்பினீங்க. அடுத்தது யாருன்னு பயந்து அந்தத் தம்பிகிட்ட அழுதேன். சொன்னா பட்டனையும் எடுத்துடுவீங்க, எங்களையும் எடுத்துடுவீங்கன்னுதான் அவன் வாயைத் தொறக்கல. அமுக்கினது நாங்க பதினாலு பேர். பதினாலு பேரையும் எழுதுங்க. எழுதிட்டு, மணி அடிச்சவர் பேரையும் கீழ எழுதுங்க."

பக்கத்து மேஜைப் பெண் எழுந்தாள். அதற்கடுத்தவளும் எழுந்தாள். பதினாலு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பேனா தாளின் மேலேயே நின்றது. எழுதவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

கெங்கம்மாள் கதவை விட்டு நகர்ந்து மேஜைக்கு வந்தாள். தாளை ஒரு விரலால் தொட்டாள்.

"எனுக்குப் படிக்கத் தெர்யாது சார். எம்புள்ளயப் பத்தி இன்னா எய்திகீறீங்க? கொஞ்சம் படிச்சிக் காட்டுங்க."

பச்சையப்பன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பதினாலு பேரையும் ஒரு தடவை பார்த்தார். "கிஷோர் என்பவர், நான் வைத்திருந்த நம்பிக்கைக்கு," என்று ஆரம்பித்தார். அடுத்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றுபோனார். கெங்கம்மாள் அவசரப்படுத்தவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் தாளை இரண்டாகக் கிழித்தார். பிறகு நாலாக. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி, யாருக்கும் சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்.

"மன்னிச்சுடும்மா."

"எங்கிட்ட இன்னாத்துக்கு சார்? அவன் அங்க நிக்கிறான்."

மேஜைக்கும் சுவருக்கும் நடுவே ஏழெட்டு அடி தூரம்தான். பச்சையப்பன் கிஷோர் பக்கம் திரும்பி நடந்தார்.